குடும்ப வாழ்க்கை ஓவியம் (தமிழ்நாடு)

வீட்டு மனிதர்களையும் அவர்களது அன்றாட வேலைகளையும் பொருளாகக் கொண்ட ஓவிய வகை. தெய்வமும் அரசரும் பெற்ற இடத்தை இது நெடுங்காலம் பெறவில்லை.

இதன் தொடக்கம் தஞ்சாவூர்க் கம்பெனி ஓவியங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தஞ்சை ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்களுக்காகக் கணவன்–மனைவி இணைகளைச் சாதிவாரியாக, கையில் தொழிற்கருவியுடன் வரைந்து தொகுப்புகளாக விற்றனர். 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியில் இத்தகைய படங்கள் மைக்காத் தகடுகளிலும் தீட்டப்பட்டன. சேலைக்கட்டு, நகை, தலைப்பாகை, குடம் எல்லாம் வியக்கத்தக்க நுணுக்கத்துடன் உள்ளன. ஆனால் படத்தில் இருப்பவருக்குப் பெயரில்லை. சாதி மட்டுமே குறிக்கப்பட்டது. பின்புலத்தில் பெரும்பாலும் வீடும் இல்லை. வாங்கியவர் அயலார் என்பதே காரணம். ஆகவே இவை வாழ்க்கைப் பதிவுகளே தவிர, குடும்ப நினைவுகள் அல்ல.

அண்டைத் திருவிதாங்கூரில் ஓவியர் இரவிவர்மா தம் மகளையும் பேரக்குழந்தையையும் மாதிரியாகக் கொண்டு, தந்தையின் வருகையை எதிர்நோக்கும் காட்சியை 1893இல் தீட்டினார். பெயரற்ற மாதிரிகளிலிருந்து சொந்தக் குடும்பத்துக்கான திருப்பம் இங்கேதான் நிகழ்ந்தது.

தென்மாவட்டங்களில் வேறொரு வழக்கம் இருந்தது. கோவில்பட்டியில் பணியாற்றிய ஓவியர் கொண்டைய ராஜூவின் (1898–1976) தெய்வப் படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி வீட்டுச் சுவர்களை அடைந்தன. ஆனால் அப்பகுதி வீடுகளில் குடும்ப நினைவைத் தாங்கியது ஓவியம் அன்று. ஸ்டுடியோவில் எடுத்துக் கண்ணாடிச் சட்டமிட்ட ஒளிப்படமே. இதழ்களிலோ, நடுத்தரக் குடும்பத்தின் கூடமும் திண்ணையும் ஓவியர் கோபுலுவின் கோடுகளால் ஆனந்த விகடனில் இடம்பெற்றன.

இவ்வகையின் உச்சம் ஓவியர் எஸ். இளையராஜா. கும்பகோணம் அருகே செம்பியவரம்பில் பிறந்து, கும்பகோணம், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பயின்றவர். உறவுப் பெண்களையும் ஊர்ப் பெண்களையும் அடுப்படியிலும் சன்னலோரத்திலும் வாசற்படியிலும் அமர்த்தி, எண்ணெய்வண்ணத்திலும் நீர்வண்ணத்திலும் வரைந்தார். கதவிடுக்கில் விழும் வெயில், கருத்த மேனியின் பளபளப்பு, நைந்த பாவாடை என எதையும் அவர் அழகுபடுத்தவில்லை. உள்ளதே அழகென்று காட்டினார். அவர் ஓவியங்கள் ஒளிப்படம் போன்றவை என்பது மேலோட்டமான மதிப்பீடு. ஒளி எங்கே விழ வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். அவர் படத்துப் பெண் சாதியின் மாதிரி அல்லள். யாரோ ஒருவரின் அக்காள்.

இளையராஜா 2021 ஜூனில் கொரோனாத் தொற்றால் காலமானார். இன்று இளம் ஓவியர் பலர் இவ்வகையில் வரைகின்றனர்.