சுப்பர்மேன்: மாறும் காலமும் மாறாத வீரனும்

ஒரு சமுதாயம் தன் கதைகளில் வரும் வீரர்களைப் பற்றி எவ்வாறு வாதாடுகின்றது என்பதைக் கூர்ந்து நோக்கினால், அச்சமுதாயம் எதனை விரும்புகின்றது, எதற்கு அஞ்சுகின்றது என்பது புலனாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தோன்றிய சுப்பர்மேன் என்னும் சித்திரக்கதை வீரனைக் குறித்து எழுந்த வாதங்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவ்வீரனைத் திரைக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு முறையும் இரசிகர்கள் இரு அணியாகப் பிரிந்தனர். பழைய உருவமும் குணமும் சிறிதும் கெடாது நிலைத்தல் வேண்டும் என்றது ஓர் அணி. காலத்துக்கு ஏற்ப மாறாத வீரன் இறந்துபட்ட வீரனே என்றது மற்றையது. விளையாட்டுப் பேச்சுப்போலத் தோன்றும் இவ்வாதத்தின் அடியிலே, நன்மையே உருவான ஒரு மனிதனை இக்காலத்து மக்கள் நம்புவார்களா என்னும் பெரிய வினா கிடக்கின்றது.

இவ்வீரன் பிறந்த கதை எளியது. ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரிலே ஜெறி சீகல், ஜோ சூஸ்ரர் என்னும் இரு இளைஞர் வாழ்ந்தனர். இருவரும் 1914-ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். இருவரும் குடிபெயர்ந்து வந்த யூதப் பெற்றோரின் மைந்தர்கள். சீகல் கதை எழுத, சூஸ்ரர் படம் வரைந்தார். அழிந்துபோகும் ஓர் உலகிலிருந்து தந்தையும் தாயும் சிறு கலத்தில் ஏற்றி அனுப்பிய குழந்தை, இப்பூவுலகில் வளர்ந்து பெரும் ஆற்றல் பெறுவதே அவர்கள் புனைந்த கதை. பல பதிப்பகங்கள் ஏற்க மறுத்த அக்கதை, 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தேதியிட்ட 'அக்சன் கொமிக்ஸ்' முதல் இதழில் வெளியாயிற்று. அதன் உரிமை முழுவதையும் 130 டொலருக்கு அவ்விளைஞர்கள் பதிப்பகத்தாருக்கு எழுதிக் கொடுத்திருந்தனர்.

பழைய வீரனே வேண்டும் என்போர் பலர், அந்த முதல் வீரன் எத்தகையவன் என்பதை மறந்துவிடுவதுண்டு. 1938-இன் சுப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல் தூரம் தாவ மட்டுமே அவனால் முடிந்தது. அவன் போரிட்டது வேற்றுலகப் பகைவரோடு அன்று. முதல் இதழிலே, செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்ற ஒரு பெண்ணைக் காப்பாற்றுகின்றான். மனைவியை அடிக்கும் கணவனைத் தண்டிக்கின்றான். ஊழல் செய்யும் அரசியலாளரின் சூழ்ச்சியை ஆராய்கின்றான். பொருளாதார மந்தத்தினால் நலிந்த மக்களின் சினமே அவனது வலிமையாய் இருந்தது எனலாம். அவன் முரடன், சட்டத்தைப் பெரிதாக மதியாதவன். உயிர்க்கொலை செய்யாத ஒழுக்கம், பதிப்பாசிரியர்கள் பின்னர் வகுத்த விதியினால் அவனுக்கு வாய்த்தது.

அவனை மாற்றிய முதற் கருவி வானொலியே என்பது நேயர்களுக்கு உவப்பான செய்தியாகும். 1940-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நியூயோர்க் நகரிலே சுப்பர்மேன் வானொலித் தொடர் தொடங்கிற்று. பட் கொலியர் என்னும் நடிகர், பத்திரிகை நிருபர் கிளாக் கென்டுக்கு மெல்லிய குரலும் வீரனுக்குக் கனத்த குரலும் கொடுத்து, உருவமாற்றத்தைச் செவிக்கே காட்டினார். இளம் உதவியாளன் ஜிம்மி ஒல்சன், பத்திராதிபர் பெரி வைற் ஆகிய பாத்திரங்கள் வானொலியிலிருந்தே சித்திரக்கதைக்குச் சென்றனர். அவனைத் தளரச் செய்யும் கிரிப்டனைற் என்னும் கல்லும் 1943-இல் வானொலியிலே தோன்றி, 1949-இலேதான் சித்திரக்கதையில் இடம்பெற்றது. 1946-இல், வெள்ளை நிறவெறியை வளர்த்த கு கிளக்ஸ் கிளான் இயக்கத்தைப் போன்றதொரு கூட்டத்தைச் சுப்பர்மேன் எதிர்த்து முறியடிக்கும் தொடர் பதினாறு பகுதிகளாக ஒலிபரப்பாயிற்று. சிறுவர் கதையும் சமுதாயத்தின் நோயைத் தொட்டுப் பேச முடியும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

பறக்கும் ஆற்றலின் வரலாறும் இத்தகையதே. 1941 முதல் வெளிவந்த கேலிச்சித்திரப் படங்களில், தாவித் தாவிச் செல்லும் உருவம் திரையில் அழகாக அமையவில்லை என்று கருதிய பிளைசர் சகோதரர்களின் கலைக்கூடத்தார் அவனைப் பறக்கவிட்டனர். 1948-இல் கேர்க் அலின் நடித்த திரைத்தொடரும், 1952 முதல் ஜோர்ஜ் றீவ்ஸ் நடித்த தொலைக்காட்சித் தொடரும் அவனை இல்லந்தோறும் கொண்டு சென்றன. இவ்வாறு, பழைமை என இன்று போற்றப்படுவனவற்றுள் பல, ஒரு காலத்திற் புதுமையாகப் புகுந்தவையே.

இரசிகர்கள் தம் கருத்தை வெளியிட வழி பிறந்தது 1958-இல். சுப்பர்மேன் இதழிலே வாசகர் கடிதங்களுக்கென ஒரு பகுதி அவ்வாண்டு தொடங்கப்பெற்றது. கதையில் நேர்ந்த முரண்களைச் சுட்டியும், வீரனின் ஆற்றலுக்கு எல்லை யாதென வினவியும் சிறுவர்கள் எழுதினர். அடுத்த பத்தாண்டில் இத்தகைய இதழ்களில் முகவரிகளும் அச்சிடப்பட்டமையால், ஒருவரை ஒருவர் அறியாத வாசகர்கள் தமக்குள்ளே கடிதத் தொடர்பு கொண்டனர். 1964-இல் நியூயோர்க்கிலும், 1970-இல் சன் டியேகோவிலும் சித்திரக்கதை அன்பர் மாநாடுகள் கூடின. வாங்கிப் படித்துவிட்டு எறியும் பண்டமாகப் பதிப்பகத்தார் எண்ணியிருந்த கதை, தமக்கும் உரியது என்று கருதும் ஒரு கூட்டம் உருவாயிற்று.

இதற்கிடையில் வீரனைப் படைத்தவர்களோ வறுமையில் வாடினர். பெரும் பொருட்செலவில் சுப்பர்மேன் படம் எடுக்கப்படவிருக்கின்றது என்னும் செய்தி வந்தபோது, சீகல் பத்திரிகைகளுக்குத் தம் குறையை எழுதினார். ஓவியர்களான நீல் அடம்ஸ், ஜெறி றொபின்சன் ஆகியோர் துணை நின்றனர். பொதுமக்களின் அனுதாபம் பெருகவே, 1975-ஆம் ஆண்டு இறுதியில் நிறுவனத்தார் இருவருக்கும் ஆண்டுக்கு இருபதினாயிரம் டொலர் வீதம் உதவித்தொகை வழங்கவும், அவர்கள் பெயரைப் படைப்பாளர் எனப் பொறிக்கவும் இணங்கினர். இரசிகர் குரலும் கலைஞர் குரலும் சேர்ந்தால் நீதியின் பக்கம் சிறிதாவது சாயச் செய்ய இயலும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது.

1978-ஆம் ஆண்டு டிசெம்பரில் றிச்சட் டொனர் நெறிப்படுத்திய படம் வெளியாயிற்று. வியட்னாம் போரும் வோட்டகேற் ஊழலும் அமெரிக்க மக்களின் நம்பிக்கையைக் குலைத்திருந்த காலம் அது. பொய் சொல்லாத வீரனைத் திரையிற் கண்டால் மக்கள் நகைப்பர் என்று அஞ்சுதற்கு இடமிருந்தது. டொனரோ கேலியை அறவே விலக்கி, அக்கதையுலகு மெய்யானதே என்னும் உணர்வோடு படத்தை ஆக்கவேண்டும் என்றார். அதிகம் அறியப்படாத கிறிஸ்தோப்பர் றீவ் என்னும் இளம் நடிகர், கூனிய தோளும் தடுமாறும் பேச்சும் கொண்ட கிளாக் கென்டாகவும், நிமிர்ந்த வீரனாகவும் இரு வேறு மனிதராகவே தோன்றினார். உலகம் மாறிவிட்டது என்பதைப் படம் மறைக்கவில்லை. மாறிய உலகின் நடுவே மாறாத ஒருவனை நிறுத்திற்று. அதுவே அதன் வெற்றி. ஆயினும், காலத்தையே பின்னோக்கித் திருப்பி இறந்த காதலியை உயிர்ப்பிக்கும் முடிவு முறையானதுதானா என்னும் வாதம் அன்றும் எழுந்தது, பின்னரும் ஓயவில்லை.

இரசிகர்களின் தீர்ப்பு எப்போதும் சரியாக அமைந்ததென்றும் கூறுதற்கில்லை. 1988-இல் பற்மேன் பாத்திரத்துக்கு நகைச்சுவை நடிகர் எனப் பெயர்பெற்ற மைக்கல் கீற்றன் தெரிவுசெய்யப்பட்டபோது, பல்லாயிரம் கண்டனக் கடிதங்கள் திரைப்பட நிறுவனத்திற் குவிந்தன. அடுத்த ஆண்டு படம் வெளியானதும் அவ்வெதிர்ப்பு அடங்கிற்று. எதிர்த்தோருட் பலர் பிற்காலத்தில் அவரையே அப்பாத்திரத்துக்கு உரியவராகக் கொண்டாடினர். காணாத ஒன்றைக் கண்டித்தல் எளிது.

சுப்பர்மேனைக் குறித்த மிகக் கடுமையான வாதம் 2013-இல் மூண்டது. அதற்கு முன், 2006-இல் பிறையன் சிங்கர் எடுத்த படம் றீவின் படங்களையே அடியொற்றிச் சென்றது. அது பழைய நினைவின் நிழலாக மட்டும் இருந்தது எனப் பலர் குறைகூறினர். ஆகவே 2013-இல் சக் சினைடர் எடுத்த 'மான் ஒவ் ஸ்ரீல்' முற்றிலும் வேறு வழியை நாடிற்று. ஹென்றி கவில் நடித்த இவ்வீரன் ஐயமும் தனிமையும் நிறைந்தவன். படத்தின் இறுதியில் மாநகரின் பெரும்பகுதி இடிந்து வீழ்கின்றது. ஒரு குடும்பத்தைத் தீக்கதிரால் எரிக்க முற்பட்ட சொட் என்னும் பகைவனின் கழுத்தை முறித்துக் கொன்றுவிட்டுச் சுப்பர்மேன் கதறுகின்றான்.

இக்காட்சியே இரசிகர்களைப் பிளந்தது. சுப்பர்மேன் கதைகள் பல எழுதிய மார்க் வெய்ட் போன்றோர், எந்நெருக்கடியிலும் மூன்றாவது வழியொன்றைக் கண்டுபிடிப்பவனே சுப்பர்மேன் எனக் கருதி மனம் நொந்தனர். நகரம் சரியும்போது மக்களைக் காப்பதிலும் போரிடுவதிலேயே அவன் கருத்தாயிருந்தான் என்பதும் அவர்களின் குற்றச்சாட்டு. மறுதரப்பாரும் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1988-இல் ஜோன் பைர்ன் எழுதிய சித்திரக்கதையிலே சுப்பர்மேன் மூன்று குற்றவாளிகளுக்கு மரணதண்டனை நிறைவேற்றியதை அவர்கள் எடுத்துக்காட்டினர். 1980-இல் வந்த இரண்டாவது படத்தில் அதே சொட் ஆற்றலிழந்து படுகுழியில் வீழ்த்தப்பட்டபோது அரங்குகள் கைதட்டவில்லையா என்றும் வினவினர். கொலையின் துயரை உணரும் வீரன், துயரின்றிப் பகைவனை வீழ்த்தும் வீரனிலும் உயர்ந்தவன் அன்றோ என்பது அவர்களின் வாதம்.

இவ்வாதம் கதைக்குள்ளேயே புகுந்தமை குறிப்பிடத்தக்கது. 2016-இல் வந்த அடுத்த படம், இடிந்து விழும் அதே நகரைத் தெருவில் நின்று பார்க்கும் புறூஸ் வெய்னின் கண்கொண்டு தொடங்குகின்றது. இரசிகர்கள் எழுப்பிய குற்றச்சாட்டே அதன் கதைக்கருவாயிற்று. 2017-இன் 'ஜஸ்ரிஸ் லீக்' படத்தைச் சினைடர் இடையில் விட்டு விலக நேர்ந்ததும், வேறொருவர் அதனை முடித்தார். இரசிகர்கள் பல ஆண்டுகள் இயக்கம் நடத்திச் சினைடரின் வடிவத்தை வேண்டி நின்றனர்; 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அது வெளியிடப்பட்டது. அவர்களுள் ஒரு சாரார் தற்கொலைத் தடுப்புப் பணிக்குப் பெருநிதி திரட்டினர். வேறு சிலர் மாற்றுக் கருத்துடையோரை வசைபாடினர். அன்பு உரிமையாகவும், உரிமை ஆணையாகவும் மாறும்போது இரு விளைவும் உண்டாதல் இயல்பே.

உடை, நாடு ஆகியன பற்றிய வாதங்களும் சிறியன அல்ல. வீரனின் சிவப்பு அரைக்காற்சட்டை 2011-இல் சித்திரக்கதையிலிருந்து நீக்கப்பெற்றது. 2018-இல், அக்சன் கொமிக்ஸின் ஆயிரமாவது இதழில், திரும்பி வந்தது. 2025-இல் ஜேம்ஸ் கன் எடுத்த படத்திற்கு அது வேண்டுமா என்ற வினா எழுந்தபோது, நாயகனாக நடித்த டேவிட் கோறன்சுவெற் பொருத்தமான விடை கூறினார் என்று கன் தெரிவித்துள்ளார். கண்ணால் எரிக்கும் ஆற்றல் கொண்ட ஒருவன் தன்னைக் கண்டு குழந்தைகள் அஞ்சலாகாது என எண்ணினால், இத்தகைய வேடிக்கையான உடையையே அணிவான் என்பது அவ்விடை. உண்மை, நீதி, அமெரிக்க நெறி என்னும் குறிக்கோள் மொழியிலும் இறுதிச் சொல் தொடக்கத்தில் இல்லை; உலகப்போர்க் காலத்தில், 1942-இல், வானொலித் தொடரிற் சேர்ந்தது. பின்னர் விடுபட்டு, 1952-இல் தொலைக்காட்சியோடு மீண்டது. 2021-இல் அவ்விடத்தில் மேலானதொரு நாளை என்னும் கருத்து வைக்கப்பட்டது.

2025-இன் படமும் வாதத்தைத் தப்பவில்லை. அழிந்த உலகின் பெற்றோர் தம் மகனை மண்ணுலகை ஆளவே அனுப்பினர் எனக் கதை மாற்றப்பட்டதைப் பலர் வெறுத்தனர். சுப்பர்மேன் குடிபெயர்ந்து வந்தவன் என்று கன் கூறியதும் அரசியல் சர்ச்சையாயிற்று. ஆயின் அக்கருத்து, குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள் இருவர் கிளீவ்லாந்திற் கதை புனைந்த நாளிலேயே அதனுள் இருந்தது. பேரழிவின் நடுவே ஓர் அணிலையும் காப்பாற்றும் காட்சியைச் சிலர் எள்ளினர். பலர் அதிலேதான் தம் வீரனைக் கண்டனர்.

இவ்வரலாறு தரும் படிப்பினை யாது? தாவியவன் பறந்தான், முரடன் சாந்தனானான், உடையும் குறிக்கோளும் மாறி மாறி வந்தன. ஆதலின் முதல் வடிவமே தூய வடிவம் என்னும் வாதம் நிலைபெறாது. எனினும், மாற்றம் அனைத்தும் நன்றே என்பதும் பொருந்தாது. எதனையும் அழிக்க வல்லவன் தன் வலிமையை அடக்கி, எளியோரைக் காக்க மட்டுமே அதனைப் பயன்படுத்துகின்றான் என்பதே அக்கதையின் உயிர்நாடி. அவ்வுயிரைக் காத்த மாற்றங்களை மக்கள் நாளடைவில் ஏற்றனர். அதனை ஐயத்துக்குள்ளாக்கிய மாற்றங்களே ஆறாத வாதங்களாக நின்றன. வலியோர் நல்லோராயும் இருத்தல் கூடுமா என்று மக்கள் ஏங்கும் வரையில் இவ்வாதம் முடியாது.

அமெரிக்கச் சட்டப்படி, 1938-இன் அந்த முதற் கதை 2034-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பொதுச் சொத்தாகும். அதன்பின் முதல் வடிவிலுள்ள வீரனை எவரும் எடுத்து எழுதலாம், எவரும் படமாக்கலாம். 130 டொலருக்குக் கைமாறிய உரிமை அன்று எல்லோருக்கும் உரியதாகும். அவனை எவ்வாறு பேணுவது என்னும் பொறுப்பும் அவ்வாறே எல்லோரையும் சாரும்.