தேர்வாளர் கண் நம் தெருவுக்கு வருமா?

திறமை இருந்தால் தானாக மேலே வரலாம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. பல்வாங்கர் பாலுவின் வரலாற்றைப் பார்ப்போம்.

1890களில் பூனா கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு ஆடுகளம் பராமரித்தவர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். வெள்ளை அதிகாரி கிரெய்க் தன் பயிற்சிக்காக அவரை மணிக்கணக்கில் பந்து வீசவைத்தார். மட்டை மட்டும் கைக்கு வரவில்லை. ஐரோப்பியரை வெல்ல வேண்டியிருந்ததால் பூனா இந்துக்கள் அவரை அணியில் சேர்த்தார்கள். ஆனால் தேநீர் மட்டும் வெளியே, தனி மண்குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100க்கு மேற்பட்ட விக்கெட் எடுத்தும் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது.

அமெரிக்க பேஸ்பாலின் பெரிய லீக்குகளும் அரை நூற்றாண்டுக்கு மேல் கறுப்பின வீரர்களைத் தேடவே இல்லை. 1945இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் தேடியது. ஜாக்கி ராபின்சன் கிடைத்தார்.

பக்கத்துச் சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியில், கூலித் தொழிலாளியின் மகன் நடராஜன் 20 வயதுவரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். 2016இல் டிஎன்பிஎல்லில் வெளியே தெரிந்தார். 2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்.

தருமபுரி காலனித் திடல்களிலும் டென்னிஸ் பந்து பறக்கிறது. மாவட்ட அணித் தேர்வு எங்கே, எப்போது, யார் தேர்வாளர் என்று கேட்போம். அந்தச் செய்தியைக் காலனிவரை கொண்டுசேர்ப்பதும் நம் வேலைதான்.