கருப்பைச் சுருக்கத் தணிப்பி

கருப்பைச் சுருக்கத் தணிப்பி என்பது உரிய காலத்திற்கு முன்னரே தொடங்கிவிடும் பிரசவ வலியைத் தற்காலிகமாக அடக்கி, பிறப்பைத் தள்ளிப்போடப் பயன்படும் மருந்து ஆகும். இது டோக்கோலிட்டிக் எனவும் அழைக்கப்படுகிறது. பிள்ளைப்பேறு, தளர்த்துதல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் உருவானது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டு 37 வாரங்கள் நிறைவதற்கு முன் நிகழும் பிறப்பு குறைமாதப் பிறப்பு எனப்படும். இம்மருந்துகள் குறைமாதப் பிறப்பை முற்றிலும் தடுப்பதில்லை. பெரும்பாலும் 2 நாள் அளவிலான அவகாசத்தையே பெற்றுத் தருகின்றன.

நோக்கம்

இந்த அவகாசம் பின்வரும் பணிகளுக்குப் பயன்படுகிறது.

* தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுதல். பீட்டாமெத்தசோன் 12 மில்லிகிராம் வீதம் 24 மணிநேர இடைவெளியில் 2 முறை, அல்லது டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் வீதம் 12 மணிநேர இடைவெளியில் 4 முறை தரப்படுகிறது. இது நச்சுக்கொடி வழியாகக் கருவை அடைந்து, அதன் நுரையீரல் முதிர்ச்சியடைவதை விரைவுபடுத்துகிறது.
* பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தாயைக் கொண்டு செல்லுதல்.

செயல்படும் விதம்

கருப்பைத் தசை சுருங்குவதற்குத் தசை உயிரணுக்களினுள் கால்சியத்தின் அளவு உயர வேண்டும். பெரும்பாலான தணிப்பிகள் இவ்வுயர்வையோ அதன் விளைவையோ ஏதேனும் ஒரு கட்டத்தில் தடுக்கின்றன.

* நிஃபெடிப்பின்: கால்சியம் உயிரணுவினுள் நுழையும் வாயில்களை அடைக்கிறது. இரத்த அழுத்தத்திற்கான மருந்தாகவும் பயன்படும் இது, வாய்வழி உட்கொள்ளப்படுகிறது. தலைவலி, இரத்த அழுத்தம் குறைதல் ஆகியன பக்க விளைவுகள்.
* அட்டோசிபன்: வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் இயக்குநீரின் ஏற்பிகளை மறிக்கிறது. ஐரோப்பாவில் பயன்பாட்டில் உள்ளது. அமெரிக்காவில் ஒப்புதல் பெறவில்லை.
* இண்டோமெத்தசின்: புராசுட்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைக்கிறது. கருவின் இதயத்தருகே உள்ள இரத்தக்குழாய் ஒன்று சுருங்கிவிடக்கூடும் என்பதால் 32 வாரங்களுக்குப் பின் தவிர்க்கப்படுகிறது.
* டெர்பியூட்டலின், ரிட்டோட்ரின்: பீட்டா ஏற்பிகளைத் தூண்டித் தசையைத் தளர்த்துகின்றன. தாயின் இதயத்துடிப்பை மிகுவிப்பவை.

மக்னீசியம் சல்பேட் முன்னர் தணிப்பியாகப் பரவலாகப் பயன்பட்டது. இன்று அது, பொதுவாக 32 வாரங்களுக்கு முன் பிறக்கவிருக்கும் குழந்தையின் மூளையைப் பாதுகாக்கவே முதன்மையாகத் தரப்படுகிறது.

வரலாறு

1960களில் ஃபிரிட்சு ஃபுக்சு என்ற மருத்துவர் எத்தனாலை, அதாவது மதுசாரத்தை, நரம்பு வழியாகச் செலுத்திப் பிரசவ வலியை அடக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். பக்க விளைவுகள் காரணமாக இம்முறை பின்னர் கைவிடப்பட்டது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரகாம் லிகின்சு, ரோசு ஹோவி ஆகியோர் நடத்திய ஆய்வு 1972ல் வெளியானது. எத்தனால் அல்லது சால்பியூட்டமால் கொண்டு பிறப்பைத் தாமதப்படுத்தி, இடைப்பட்ட நேரத்தில் பீட்டாமெத்தசோன் அளித்தபோது, குழந்தைகளுக்கு ஏற்படும் மூச்சுத்திணறல் நோய் குறைந்ததை அவர்கள் காட்டினர். தணிப்பி நேரத்தைத் தருகிறது, ஸ்டீராய்டு நுரையீரலைப் பக்குவப்படுத்துகிறது என்ற இன்றைய நடைமுறைக்கு இதுவே அடிப்படை.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1980ல் ரிட்டோட்ரினுக்கு ஒப்புதல் அளித்தது. அம்மருந்து பின்னர் அந்நாட்டுச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. தாயின் இதயத்திற்கு ஏற்படும் ஆபத்தைச் சுட்டி, டெர்பியூட்டலினை நீண்டநாள் பயன்படுத்தலாகாது என 2011ல் அந்நிர்வாகம் எச்சரித்தது.

தவிர்க்க வேண்டிய நிலைகள்

கருப்பையில் நோய்த்தொற்று, கடும் இரத்தப்போக்கு, கடுமையான முன்சூல்வலிப்பு, கருவின் துன்பநிலை ஆகியவற்றில் தணிப்பிகள் தரப்படுவதில்லை. இந்நிலைகளில் குழந்தை உள்ளேயே இருப்பது, வெளியே வருவதைவிட ஆபத்தானது. கரு ஏற்கனவே இறந்துவிட்டாலும் இவை தரப்படுவதில்லை.

பயன் குறித்த விவாதம்

பிறப்பு தள்ளிப்போகிறது என்பதாலேயே குழந்தை நலம் பெறுகிறது என்று கொள்ள இயலாது. உலக சுகாதார அமைப்பு 2015ல் தணிப்பிகளைப் பரிந்துரைக்கவில்லை. 2022ல் குறிப்பிட்ட சூழல்களில் பயன்படுத்தலாம் எனத் திருத்தி, நிஃபெடிப்பினுக்கு முன்னுரிமை அளித்தது. 30 முதல் 34 வாரங்களுக்குள் வலி கண்ட பெண்களிடம் அட்டோசிபனை மருந்தற்ற போலிக் கரைசலுடன் ஒப்பிட்டு 2025ல் வெளியான அப்போசுட்டல் 8 ஆய்வில், குழந்தைகளின் நிலையில் முன்னேற்றம் காணப்படவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* குறைமாதப் பிறப்பு
* ஆக்சிடோசின்