கரிகாலனைக் கொன்றது யார்? ஒரு நாவலும் ஒரு கல்வெட்டும்

‘நாவல் படிக்கிற நேரத்துல நேரா வரலாறே படிச்சிடலாமே’ என்ற கேள்வி நம்ம நிகழ்ச்சிக்கு அடிக்கடி வருது. பொதுவாகப் பேசினால் இதுக்குப் பதில் கிடைக்காது. அதனால் இன்னைக்கு ஒரே ஒரு கொலையை எடுத்துக்கலாம்: ஆதித்த கரிகாலன்.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்த தொடர். 2022-ல் படமாகவும் பார்த்தாச்சு. வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதில்தான் கதை தொடங்கும். அந்த ஏரிக்குப் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் இருக்கு. கொலைகாரர்களின் பெயர்கள் அந்தக் கோயில் சுவரில்தான் இருக்கு: சோமன், ரவிதாசன், பரமேசுவரன். கல்கி இவர்களைக் கதைக்குள் கொண்டுவந்தார். நந்தினி மட்டும் அந்தச் சுவரில் இல்லை. எந்தச் சுவரிலும் இல்லை. அவள் முழுக்கக் கல்கியின் படைப்பு.

நாவலில் ரவிதாசன் பாண்டியனின் ஆபத்துதவி, பழிவாங்க வந்தவன். கல்வெட்டில் அவனுக்கு ‘பஞ்சவன் பிரமாதிராஜன்’ என்று பட்டம். பரமேசுவரனுக்கு ‘இருமுடிச்சோழ பிரமாதிராஜன்’. அரசாங்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்த பிராமணர்களுக்குத் தரும் பட்டங்கள் இவை. அதிலும் ஒன்று சோழன் பெயரையே சுமக்குது. அப்போ கொலை நடந்தது வீட்டுக்குள்ளேயா? நாவல் இந்தச் சந்தேகத்தை நமக்குத் தரவே தராது, அதுக்கு நந்தினி போதும்.

என்னை அதிகம் உலுக்கினது வேறொரு விஷயம். ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் 987-ல் வெட்டிய கல்வெட்டு இது. கொலை நடந்து ஏறக்குறைய 16 வருஷம் ஆயிடுச்சு. பேசுவதெல்லாம் நிலப் பறிமுதல் பற்றி. கொன்றவர்களின் சொத்தோடு நிற்கவில்லை. தம்பிகள், பிள்ளைகள், மனைவிமார், தாய்மாமன்கள், பெண் கொடுத்த மாமனார்கள், கூடப்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள் என்று பட்டியல் நீளுது. அந்த வீட்டில் பெண் எடுத்த ஒரே காரணத்துக்காக ஒருத்தர் நிலத்தை இழக்கணும். அஞ்சு பாகம் படிச்சாலும் இந்த மாப்பிள்ளைகளை நாம் சந்திக்கப் போவதில்லை.

சரி, இத்தனை வருஷம் ஏன் தாமதம்? இடையில் ஆண்டவர் உத்தம சோழர். இந்தக் கல்வெட்டை எபிகிராஃபியா இண்டிகா 21-ஆம் தொகுதியில் பதிப்பித்த நீலகண்ட சாஸ்திரி அவர்மேலேயே சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. தண்டனை முன்பே முடிந்திருக்கலாம், சுவரில் இருப்பது அந்த நிலம் கைமாறின கணக்கு மட்டும்தான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு இந்தக் கடைசி வாசிப்புதான் பொருத்தமாகப் படுது. உத்தமரின் மகனுக்கு ராஜராஜனே பதவி கொடுத்திருக்கிறார். அண்ணனைக் கொன்றவரின் பிள்ளையை யாராவது பக்கத்தில் வைத்துக்கொள்வார்களா? இப்படி ஒரே கல்லை மூணு விதமாகப் படித்து ஆதாரத்தை எடை போடும் சுகம், சத்தியமா நாவலில் கிடையாது.

அதுக்காகக் கல்கியை மூடி வைச்சிடலாமா? திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பாருங்க, ராஜேந்திர சோழன் காலத்தது. ஆதித்தன் பாண்டியன் தலையைத் தன் ஊரில் வெற்றித்தூண் மாதிரி நாட்டினான், பிறகு சொர்க்கத்தைப் பார்க்கும் ஆசையில் மறைந்தான். அவ்வளவுதான்! கொலை என்ற பேச்சே இல்லை. இந்த வெற்றிப் பெருமையைத்தான் கல்கி திருப்பிப் போட்டார். அவருடைய கரிகாலனுக்கு அந்தத் தலை தூக்கத்தைக் கெடுக்கும் பாரம். வெட்டியது சரியா என்று அவன் தனக்குள்ளேயே வெந்து சாகிறான். உண்மையான கரிகாலன் அப்படி நினைத்தானா என்பதற்கு எந்தச் செப்பேடும் சாட்சி சொல்லாது. ஆனா ‘பாண்டியன் தலைகொண்ட’ என்ற பட்டத்தை இப்போ எந்தக் கல்வெட்டில் பார்த்தாலும், வெட்டுப்பட்டவனுக்கும் ஒரு முகம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோணுது. அந்தப் பழக்கம் வந்தது நாவலால்தான்.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்கு பஸ் இருக்கு. போறவங்க நாவலை முடிச்சிட்டுப் போங்க. சுவரைப் படிக்கும்போது நந்தினியை மறக்க முயற்சி பண்ணுங்க. என்னால இதுவரை முடியலை.