பழைய பாலமா, புதுப் பாலமா?

மக்கா, சுவிட்சர்லாந்துல லுசேர்ன் நகரத்துக்குப் போயிருந்தேன். ராய்ஸ் ஆத்துக்கு மேல வளைஞ்சு வளைஞ்சு போற கப்பெல்ப்ரூக்கே, கூரை போட்ட மரப்பாலம். 14ஆம் நூற்றாண்டு! ஐரோப்பாவிலேயே ரொம்பப் பழசுன்னு வழிகாட்டிப் புத்தகங்கள் பெருமையா சொல்லும்.

இது வெறும் நடைபாலம் இல்லீங்க, நகரக் காவல் அரணின் ஒரு பகுதி. ஒட்டி நிக்கிற எண்கோணக் கல்கோபுரம் பாலத்தைவிட மூத்தது. கஜானா, ஆவண அறை, சிறை, சித்திரவதைக் கூடம்னு எல்லாமா இருந்திருக்கு.

17ஆம் நூற்றாண்டில் கூரைச் சட்டங்களுக்கு இடையில் முக்கோணப் பலகைகளில் ஊர் வரலாற்றையும் காவல் புனிதர்களின் கதையையும் வரைஞ்சு மாட்டினாங்க.

1993 ஆகஸ்ட் 18, நள்ளிரவு தாண்டி தீ. சிகரெட்டா இருக்கலாம்னு ஒரு ஊகம். பாலத்தின் நடுப்பகுதி எரிஞ்சுது. 147 ஓவியங்களில் ஏறக்குறைய மூணில் ரெண்டு பங்கு போச்சு. எட்டே மாசத்துல, 1994 ஏப்ரல் 14 அன்னிக்கு, பாலத்தைத் திரும்பத் திறந்துட்டாங்க.

அப்போ நான் மிதிச்ச மரத்துல பாதிக்கு மேல என்னைவிட சில வருஷம்தான் மூத்தது! இது பழைய பாலமா, நகலா? மரப்பாலம்னாலே பலகை மாத்தி மாத்தித்தான் வாழும். 19ஆம் நூற்றாண்டில் நீளத்தையே குறைச்சிருக்காங்க. அதனால பாலம் அதேதான்னு எனக்குத் தோணுது.

ஆனா ஓவியம் அப்படியில்லை. நடுவில் பல முக்கோணங்கள் காலியாவே இருக்கு. நகல் வரைஞ்சு மாட்டியிருந்தா யாருக்கும் இழப்பு தெரிஞ்சிருக்காது. அந்த வெறுமையும் இப்போ ஊர் வரலாறுதானே?

நீங்களா இருந்தா நகல் மாட்டுவீங்களா? சொல்லுங்க :-)