தஞ்சாவூரில் ஒரு ராத்திரி தங்க என்ன விலை?

வெளியூர் நண்பர் யாரையாவது தமிழ்நாட்டுக்கு அழைத்து வந்தால் முதல் நாளே ஒரு குழப்பம் வரும். 'ஹோட்டல்' என்று பலகை மாட்டிய இடத்தில் போய் ரூம் கேட்பார். அங்கே இட்லி இருக்கும், கட்டில் இருக்காது. கட்டில் வேண்டுமென்றால் லாட்ஜுக்குப் போக வேண்டும். லாட்ஜில் சோறு கிடைக்காது, பையனிடம் காசு கொடுத்தால் பார்சல் வாங்கி வருவான். தங்குவதற்கு ஒரு கடை, தின்பதற்கு ஒரு கடை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம்.

முன்பு இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல் இருந்தது: சத்திரம். இன்று சத்திரம் என்றால் கல்யாண மண்டபம்தான் ஞாபகம் வரும். மற்றபடி அது ஊர்ப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டன்சத்திரம், சேதுபாவாசத்திரம், திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட். தினமும் ஆயிரக்கணக்கான பேர் 'சத்திரம், சத்திரம்' என்று கண்டக்டர் கூவுவதைக் கேட்டு ஏறி இறங்குகிறோம். எந்தச் சத்திரம், யாருக்காக என்று கேட்பதில்லை.

நான் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை தஞ்சாவூர் போகிறவன். சரஸ்வதி மகால் நூலகம், பெரிய கோயில், அரண்மனையைச் சுற்றியிருக்கும் நான்கு ராஜவீதிகள் இவைதான் வேலை. தங்குவது பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில்வே ஜங்ஷனுக்கும் நடுவே, கையைக் கடிக்காத ஏதாவது ஒரு லாட்ஜில். நான்-ஏசி ரூம், காலையில் பக்கெட்டில் சுடுதண்ணி, ஆதார் ஜெராக்ஸ், இருபத்து நாலு மணி நேரக் கணக்கு. எனக்கு அதற்கு மேல் தேவையில்லை, குறையும் இல்லை.

ஆனால் கல்வெட்டு படிக்கும் தோழி ஒருவர் போன வருஷம் தனியாக வந்தபோது, அடுத்தடுத்து இரண்டு லாட்ஜில் ஒரே பதில். "தனியா லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லீங்க மேடம்." ஆதார் இருக்கிறது, காசு இருக்கிறது, ரூமும் காலியாக இருக்கிறது. கொடுப்பதில்லை, அவ்வளவுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் ஆட்டோ பிடித்து, மூன்று மடங்கு வாடகை கேட்கும் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனார்.

இதை அவர் சொன்ன நேரத்தில் நான் படித்துக்கொண்டிருந்தது 1801-ஆம் வருஷத்துக் கடிதம் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் வந்ததுதான் இந்தப் பதிவு.

ஒரு நாள் நடைக்கு ஒரு சத்திரம்

தஞ்சையை மராட்டியர்கள் 1676 முதல் 1855 வரை ஆண்டார்கள். அந்தக் காலத்தில் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்வருகிற யாத்திரைக் கூட்டம் காவிரி டெல்டா வழியாகத்தான் நிறைய வந்தது. வடக்கிலிருந்து வருகிறவர்களில் மராத்தி பேசுகிறவர்கள் நிறையப் பேர். தஞ்சை ராஜாவுக்கு அவர்கள் ஒரு வகையில் சொந்த ஊர்க்காரர்கள். அதனால் ராமேஸ்வரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் எழுந்தன. பெரும்பாலும் ராணிகளின் பெயரில்.

பிரதாபசிம்மன் (1739–1763) காலத்தில் நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். யமுனாம்பாள் அவருடைய ராணி. ஊருக்கே யமுனாம்பாள்புரம் என்று இன்னொரு பெயர் இருந்தது. அவருக்குப் பின் வந்த இரண்டாம் சரபோஜி (1798–1832) ஒரத்தநாட்டில் 1802-இல் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். முத்தாம்பாள் முறைப்படி பட்டத்து ராணியானவர் அல்ல, சரபோஜியின் அன்புக்குரிய துணைவி. சிறு வயதிலேயே இறந்துபோனார். தன் பெயரில் ஒரு சத்திரம் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். ஒரத்தநாட்டுக்கும் முத்தாம்பாள்புரம் என்று பெயர் வந்தது. ராஜா காலத்துப் பெண்களுக்குக் கோயில் கோபுரத்தில் பெயர் கிடைப்பது அரிது. சோறு போடும் இடத்தில் கிடைத்திருக்கிறது.

மேப்பை எடுத்துப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு இருபத்து மூன்று கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து பட்டுக்கோட்டை இன்னும் கிட்டத்தட்ட அதே தூரம். அதற்கப்புறம் ராஜாமடம், சேதுபாவாசத்திரம், கடலோரமாக மணமேல்குடி, மீமிசல் என்று தெற்கே போகிறது. மூட்டை முடிச்சோடு, குழந்தைகளோடு ஒரு குடும்பம் நடந்தால் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான். மாட்டு வண்டிக்கும் அதே கணக்குதான். மனிதக் கால் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதற்குப் பொருத்தமாக விழுந்த இடைவெளி இது. என் தொழில் பாஷையில் சொன்னால், இருக்கிற இடத்தில் சர்வர் வைக்கவில்லை, பயனர் களைத்து விழும் இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஒரத்தநாட்டுச் சத்திரத்தின் முகப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேர் மாதிரி கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். தேர் என்றால் சாமிக்கு. இங்கே உள்ளே இருந்தது வழிப்போக்கன்.

சரபோஜியின் கடிதம்

1799-இல் சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு நாட்டு நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டார். அவருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும், வருஷத்துக்கு ஒரு லட்சம் பகோடா பணம், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அப்போது ஒரு கேள்வி வந்தது. சத்திரங்களுக்கு மானியமாக விட்ட கிராமங்கள் யாருக்கு? அந்தக் கிராமங்களின் நெல்தான் சத்திரத்தின் உலை. கிராமம் போனால் உலை அணையும்.

1801-இல் தஞ்சையில் ரெசிடென்ட்டாக இருந்த பெஞ்சமின் டோரின் என்பவருக்கு சரபோஜி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஊரும் படையும் போனதற்குக்கூட இவ்வளவு வாதாடினாரா தெரியாது, சத்திரங்களுக்காக வாதாடினார். தன் நாட்டுக்கு தர்மராஜ்யம் என்று பெயர் வந்ததே இவற்றால்தான் என்பது அவர் கட்சி. அதற்கு ஆதாரமாகச் சத்திரத்தில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாக விவரிக்கிறார். சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

பிராமணர் தொடங்கிப் பறையர் வரை எல்லோருக்கும், எல்லாவிதமான பரதேசிகளுக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் மளிகையும். நடுராத்திரி வரை இது நடக்கும். அப்போது மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வரலாம் என்று அறிவிப்பார்கள். நியாயமான காரணத்தால் பயணத்தைத் தொடர முடியாதவர்களுக்கு, இருக்கும் வரை சாப்பாடு. பெரிய சத்திரங்களில் வைத்தியர் உண்டு, விஷக்கடிக்குப் பார்க்கிறவரும் உண்டு. யாத்திரை வந்த இடத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் விட்டு, மூன்று வேளை சோறு போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, படிப்பும் சொல்லிக் கொடுப்பார்கள். கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணி வந்தால் பிரசவம் பார்த்து, மருந்து கொடுத்து, அதற்கப்புறம் மூன்று மாதம் அங்கேயே இருக்க அனுமதி.

மூன்று மாதம். நம் லாட்ஜில் இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் அரை மணி ஆனால் ரிசப்ஷனிலிருந்து போன் வரும்.

கடிதம் வேலை செய்தது. சத்திரங்கள் ராஜாவின் கையிலேயே இருந்தன. சரபோஜி 1820-இல் சுமார் 3000 பேரோடு காசி யாத்திரை கிளம்பியபோது, வழிப்போக்கனுக்கு என்ன வேண்டும் என்பதை அவரே பாதையில் இருந்து பார்த்திருப்பார்.

இந்த யோசனை நமக்கு மட்டும் சொந்தமில்லை. மத்தியதரைக் கடலோரத்துப் பழைய நகரங்களில் வியாபாரிகள் தங்கிய இடத்துக்கு அரபியில் 'ஃபுந்துக்' என்று பெயர். இன்றைக்கும் அரபியில் ஹோட்டலுக்கு அதே சொல்தான். வெனிஸ் நகரத்தில் அது 'ஃபோந்தாகோ' ஆனது. மூலம் கிரேக்கச் சொல், 'எல்லோரையும் ஏற்கும் இடம்' என்று அர்த்தம். வேறுபாடு என்னவென்றால், ஃபுந்துக்கில் வியாபாரி வாடகை கொடுத்தான், அரசாங்கம் சரக்குக்கு வரி போட்டது. தஞ்சைச் சத்திரத்தில் வாடகையும் இல்லை, வரியும் இல்லை. கணக்கு வேறு பக்கத்தில் எழுதப்பட்டது.

யார் நெல், யார் சோறு

அந்தக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் இது ராஜா புகழ் பாடும் பதிவாகிவிடும்.

தஞ்சை மராட்டியர் ஆவணங்கள் பெரும்பாலும் மோடி எழுத்தில் இருக்கின்றன (அந்த மோடி இல்லை, மராத்தியை வேகமாக எழுத உதவிய எழுத்து). கே.எம். வேங்கடராமையா எழுதிய 'தஞ்சை மராட்டிய மன்னர்கால அரசியலும் சமுதாய வாழ்க்கையும்' என்ற புத்தகத்தைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1984-இல் வெளியிட்டது. மோடி தெரியாத என் போன்றவர்களுக்கு அதுதான் கதவு. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

சத்திரத்துக்கு வந்த நெல் வானத்திலிருந்து விழவில்லை. மானியக் கிராமங்களின் வயலில் சேற்றில் நின்று நட்டவர்களும் அறுத்தவர்களும் கொடுத்தது. சோறு எல்லோருக்கும் என்று கடிதம் சொல்கிறது, சரி. ஆனால் அதே கடிதத்தில், பெரிய சத்திரங்களில் நான்கு வேதத்துக்கும் ஆசிரியர்கள் இருந்ததும் வருகிறது. வேதப் படிப்பு யாருக்கு என்பது நமக்குத் தெரியும். இறந்தவர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படி இறுதிச் சடங்கு என்றும் வருகிறது. பசிக்குச் சாதி பார்க்காத இடம், மற்ற எல்லாவற்றுக்கும் பார்த்தது. இந்த முரண் பின்னால் பெரிய சண்டையாக வெடித்தது.

ரயில் வந்தது, பாதை மாறியது

1855-இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, கம்பெனி தஞ்சையை எடுத்துக்கொண்டது. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. அது நீடாமங்கலம் வழியாகத்தான் போகிறது. ஒரு ராத்திரி தங்கிக் கடக்க வேண்டிய தூரத்தை ரயில் சில மணி நேரத்தில் கடந்தது. 1894-இல் மாயவரம்–முத்துப்பேட்டை ரயில் பாதை வந்தது, 1903-இல் பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரை நீண்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. யாத்ரீகன் ரயிலிலேயே தீவுக்குப் போனான்.

மாயவரம் பாதையைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டின் பணம். சத்திரங்களை நிர்வகிக்கும் பொறுப்பும் பின்னாளில் அதே ஜில்லா போர்டிடம்தான் வந்தது. ஒரு கையால் சத்திரத்தைக் காப்பாற்றி, இன்னொரு கையால் சத்திரத்துக்கு ஆள் வராமல் செய்தது போர்டு. இதில் வில்லன் யாரும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. ஆள் வராத சத்திரத்துக்கு நெல் வந்துகொண்டே இருக்கிறதே, அதை என்ன செய்வது?

வழிப்போக்கனுக்குப் பதில் மாணவனுக்குச் சோறு போடலாம் என்று முடிவானது. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் இலவச மாணவர் விடுதிகள் நடந்தன. அங்கே பிராமணப் பையன்களுக்கு மட்டும்தான் இடம்! 1801-இல் எல்லோருக்கும் என்று ராஜா வாதாடி மீட்ட நெல், நூறு வருஷத்துக்குப் பிறகு ஒரே பந்திக்குப் போனது.

இதை மாற்றியவர் ஏ.டி. பன்னீர்செல்வம். நீதிக்கட்சிக்காரர், 1920-களில் தஞ்சாவூர் ஜில்லா போர்டு தலைவர். அந்த விடுதிகளை மற்றச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார். சம்ஸ்கிருதம் மட்டுமே சொல்லிக்கொடுத்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் வித்துவான் படிப்பையும் கொண்டுவந்தார். 1940 மார்ச்சில் அவர் போன விமானம் ஓமன் கடலில் காணாமல் போனது. தஞ்சை ஜில்லாவில் அவர் பேரைச் சொன்னால் இன்றும் வயசானவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரத்தநாட்டில் ஒரு டீக்கடையில் பேச்சுவாக்கில் சத்திரத்தைப் பற்றிக் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார். "எங்க அண்ணன் அந்த ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவரு தம்பி. அங்க சோறு இல்லேன்னா எட்டாங் கிளாஸோட மாடு மேய்க்கப் போயிருப்பாரு. வாத்தியாரா ரிட்டையர் ஆனாரு." ராஜா பெயரையோ முத்தாம்பாள் பெயரையோ அவர் சொல்லவில்லை. சோறு கிடைத்ததைச் சொன்னார்.

விலை

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். லாட்ஜ் வாடகை ஊரறிந்தது. அந்த வாடகையைக் கட்டத் தயாராக இருந்தும் ஒருவருக்குக் கதவு திறக்கவில்லை என்றால், விலை பணத்தில் இல்லை என்று அர்த்தம். 'எல்லோருக்கும்' என்ற சொல்லை யாராவது எழுதி வைத்தால் மட்டும் போதாது. ராஜா எழுதி வைத்ததையே நூறு வருஷத்தில் சுருக்கிவிட்டார்கள், இன்னொருவர் வந்து மறுபடி விரிக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை ரிசப்ஷனில் நம் கண் முன்னால் யாரையாவது திருப்பி அனுப்பினால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். நாமும் அங்கே காசு கொடுத்துத் தங்குகிறவர்கள்தானே.

தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். ஒரத்தநாட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். சத்திரத்தின் முகப்பில் நிற்கும் கல் குதிரைகளைப் பாருங்கள். அப்படியே நீடாமங்கலமும் போனால் இரண்டு ராணிகளையும் பார்த்த மாதிரி. சத்திரம் என்று பெயருள்ள ஊர் உங்கள் பக்கத்திலும் இருந்தால், அங்கே சோறு போட்டது யார், சாப்பிட்டது யார் என்று விசாரித்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மதுரை ஜங்ஷன் எதிரில் இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தைப் பற்றி அடுத்த பதிவு.