மூளையுறை அழற்சித் தடுப்பூசிகளும் கிருமி வகைப் பொருத்தமும்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி

பாக்டீரிய மூளையுறை அழற்சி என்பது மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள சவ்வுகளில் பாக்டீரியா தொற்றுவதால் உண்டாகும் கடும் நோயாகும். பேச்சுவழக்கில் இதையும் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளையழற்சியையும் ‘மூளைக்காய்ச்சல்’ என்றே சொல்வதால், பின்னதற்குரிய தடுப்பூசி முன்னதையும் தடுக்கும் என்ற மயக்கம் எளிதில் எழுகிறது; ஆனால் அது தடுக்காது.

பாக்டீரிய மூளையுறை அழற்சியைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஹீமோபிலஸ் இன்புளுயன்சா, நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் கிருமிகளின் மேலுள்ள சர்க்கரைப்பொருள் உறை வகைக்கு வகை வேறுபடுவதாலும், ஒரு வகைக்கு எதிராக உடலில் தோன்றும் எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் மற்றொன்றிடம் செல்லாததாலும், எத்தனை பேர் ஊசி போட்டுக்கொண்டனர் என்பதோடு ஊசியில் அடங்கிய வகைகளும் ஊரில் உலவும் வகைகளும் ஒன்றா என்பதும் கேட்கப்பட வேண்டியதாகிறது.

ஹீமோபிலஸ் இன்புளுயன்சா கிருமியைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடை எளிது. கடும் நோய் பெரும்பாலும் ‘பி’ என்ற ஒரே உறைவகையால் வருவது. அதற்கு எதிரான தடுப்புமருந்து சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசியை 2011 டிசம்பரில் இந்தியாவில் முதலில் ஏற்றவை தமிழகமும் கேரளமுமே.

நியூமோகாக்கஸ் கிருமியிலோ நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. 1990களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பங்கேற்ற, பல மருத்துவமனைகள் இணைந்த ஆய்வு, இந்தியாவில் 1, 5 ஆகிய வகைகளின் பங்கு பெரிது எனக் காட்டியது. அமெரிக்காவில் 2000இல் வந்த ஏழு வகை ஊசியில் அவ்விரண்டுமே இல்லை. வேற்றுநாட்டுக் கணக்கில் அமைந்த ஊசி இங்கு எவ்வளவு பொருந்தும் என்ற ஐயம் அதனால் நியாயமானதே. 2021இல் தமிழகத்தின் அட்டவணையில் சேர்ந்த நியூமோகாக்கல் ஊசி 6ஆம், 14ஆம் வாரங்களிலும் 9ஆம் மாதத்திலும் போடப்படுகிறது. இத்தகைய ஊசிகளுள் இந்திய சீரம் நிறுவனத்தின் நியூமோசில், 1, 5 உள்ளிட்ட 10 வகைகளை உள்ளடக்கியது. மற்றொரு நியூமோகாக்கல் ஊசியான 13 வகை ஊசியில் உள்ள 3, 4, 18சி ஆகியன இதில் இல்லை.

மெனிங்கோகாக்கஸ் ஊசி தேசிய அட்டவணையிலேயே இல்லை. ஹஜ் பயணிகளுக்கு ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற உறைவகைக் குழுக்களுக்கான ஊசி போடப்படுகிறது. 2005இல் டெல்லியிலும் 2008-09இல் மேகாலயத்திலும் பரவியது ஏ குழுவே. நெருக்கமான தங்குமிடங்களில் எச்சில், மூச்சுத்துளிகள் வழியே இது பரவுமாதலால், வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தொழிலாளர் வந்து கூடும் கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடங்களுக்கு உள்ளூர் வகைகளின் கணக்கு மட்டும் போதாது. குழந்தைகளுக்கான அட்டவணையும் அவர்களை எட்டுவதில்லை.

எந்த வகை உலவுகிறது என்பதைப் பெரும்பாலும் நோயாளியின் முதுகுத்தண்டு நீரைச் சோதித்தே அறிய முடியும். இந்திய மருத்துவமனைகளில் இந்நோயைக் கண்காணிக்கும் பணியை ஒருங்கிணைத்த தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் திருவள்ளூர் மாவட்டத்து அயப்பாக்கத்தில்தான் உள்ளது. எனினும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் உயிர்காக்கக் கொடுக்கும் ஆன்டிபயாடிக், நீரிலுள்ள கிருமியை வளர்ப்புச் சோதனைக்குச் சிக்காமல் செய்துவிடுவதால், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வாய்க்காத இடங்களில் நோய் குணமானாலும் அதன் வகை பதிவாவதில்லை.